கொசுவுக்குப் பழக்கிய சட்டிகள்

நான் கொசு வளர்ப்பவள். ஆடு வளர்க்கிறேன், மீன் வளர்க்கிறேன் என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. கொசு வளர்க்கிறேன் என்று சொன்னால் மட்டும் எதிரில் இருப்பவர் தன்னையறியாமல் முழங்கையைச் சொறிய ஆரம்பித்துவிடுகிறார். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலை அம்மா, "ஏம்மா, நாட்டுல இருக்கிறது பத்தலையா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நான் பதிலை ஆரம்பிப்பதற்குள் பாயசம் வந்துவிட்டது. அவருக்குப் பாயசம் முக்கியம், எனக்கும்தான்.

அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதிலை இங்கே சொல்லிவிடுகிறேன். டிங்கிக் காய்ச்சலைக் கொசு தானாகத் தயாரிப்பதில்லை. காய்ச்சல்காரர் ஒருவரைக் கடிக்கும்போது ரத்தத்தோடு சேர்ந்து வைரஸும் அதன் வயிற்றுக்குள் போகிறது. வயிற்றைத் தாண்டி, உடம்பெல்லாம் பரவி, எச்சிலுக்கு வந்து சேர்ந்தால்தான் அடுத்து கடிபடுகிற ஆளுக்குக் காய்ச்சல். ஆக, வயிறுதான் வாசல். அந்த வயிற்றில், நம் குடலில் இருப்பது போலவே, ஏகப்பட்ட பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பிடித்து, அதன் மரபணுவில் கைவைத்து, வைரஸை வாசலிலேயே மடக்குகிற ஒரு பொருளைச் சுரக்கும்படி மாற்றி, திரும்பவும் கொசுவின் வயிற்றுக்கே அனுப்பிவிட்டால்? கொசு பாட்டுக்குப் பறக்கும், கடிக்கும், நமக்கு அரிக்கும். காய்ச்சல் மட்டும் வராது. இதுதான் எங்கள் ஆய்வுக்கூடத்தின் கனவு. கனவு என்றுதான் சொல்கிறேன், கையில் வந்துவிட்டது என்று சொல்லவில்லை.

வைரஸை வைத்துச் செய்கிற சோதனையெல்லாம் வேறொரு இடத்தில், பூட்டுக்கு மேல் பூட்டுப் போட்ட அறையில் நடக்கிறது. எங்கள் பக்கம் வைரஸே கிடையாது. எங்கள் வேலை சமையல்காரர் வேலைதான். அந்தப் பாக்டீரியாவைக் கொசுவுக்கு எப்படி ஊட்டுவது, ஊட்டியது வயிற்றில் எத்தனை நாள் தங்குகிறது, இவ்வளவுதான் நாங்கள் பார்ப்பது. கொசு என்றால் ரத்தம் என்று நினைக்கிறோம். ரத்தம் குடிப்பது பெண் கொசு மட்டும், அதுவும் முட்டைக்காக. மற்ற நேரத்தில் ஆணும் பெண்ணும் தேடிப்போவது இனிப்பைத்தான். அதனால் சீனித் தண்ணீரில் பாக்டீரியாவைக் கலந்து வைக்கிறோம்.

இதற்கு முன்னால், மலாய் நாட்டில் நான் குடியிருக்கும் தம்போய் ஊரிலேயே ஒரு எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் லைன் லீடராக இருந்தேன். குளிர்சாதனம், கேண்டீன், வருஷக் கடைசியில் போனஸ், குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்போதுதான் என் தங்கைக்கு டிங்கி வந்தது. அவள் கல்யாணமாகித் தொலைவில் காஹாங் என்ற சிற்றூரில் இருந்தாள். மாப்பிள்ளைக்கு அங்கே செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை, வீட்டைச் சுற்றிலும் செம்பனைக் காடு. சாதாரணக் காய்ச்சல்தான் என்று மாத்திரை போட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள். பல் ஈறில் ரத்தம் கசிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எங்கள் அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் வைத்திருக்கும் பதில் அச்சில் ஏறாது. எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். அந்தக் கட்டில் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு பூச்சியை முழு மனதோடு வெறுத்தேன்.

பிழைத்து எழுந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் ஒன்று சொன்னார்கள். டிங்கியில் பல வகை இருக்கிறது, ஒரு வகை வந்தவருக்கு இன்னொரு வகை வந்தால் முதல் தடவையைவிட மோசமாகலாம், அதனால் கொசுக்கடி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அன்றிலிருந்து அவள் முழுக்கைச் சட்டைக்கு மாறினாள். வெயில் கொளுத்துகிற மத்தியானத்திலும் காலுறை. நான் கேலி செய்வேன். உள்ளுக்குள் எனக்கும் அதே பயம்தான்.

பிறகு கொசு ஆய்வுக்கூடத்துக்கு உதவியாள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். அங்கே தலைமை ஒரு மலாய்க்காரப் பெண். டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்து வாங்கிய டாக்டர். என்னைவிட இளையவர், என்னை 'கக்' என்பார், அவர்கள் பாஷையில் அக்கா. நல்ல வேலையை விட்டு ஏன் கொசுவிடம் வருகிறீர்கள் என்று கேட்டார். "என் தங்கச்சிய சாகடிக்கப் பார்த்த கொசுவ நேர்ல பார்க்கணும் டாக்டர்" என்று மலாயில் சொன்னேன். சிரித்துவிட்டு, எப்போது சேரலாம் என்று கேட்டார்.

தங்கையிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. தொழிற்சாலையில் நின்று நின்று இடுப்பு வலிக்கிறது, ஒரு லேப்பில் வேலை கிடைத்திருக்கிறது என்றேன். அவள் அதை ரத்தப் பரிசோதனை லேப் என்று எடுத்துக்கொண்டாள். டிங்கியில் கிடந்து எழுந்தவளிடம் போய்க் கொசு என்ற வார்த்தையை எடுப்பானேன் என்று நானும் விட்டுவிட்டேன். அவள் காஹாங்கில், நான் தம்போயில். ஒரு பிரச்சினையும் வரவில்லை.

அவள் உண்டான பிறகுதான் பிரச்சினை வந்தது. எத்தனையோ வருஷக் காத்திருப்புக்குப் பிறகு உண்டானவள். மாதம் ஏற ஏற, பிரசவத்துக்கு என்னிடமே வந்துவிடு என்று நான்தான் நச்சரித்தேன். தம்போயில் ஆஸ்பத்திரி பக்கம், பத்தியச் சமையலுக்கு நான் இருக்கிறேன், காஹாங்கில் மாப்பிள்ளை ஷிப்டுக்குப் போய்விட்டால் ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. அவளும் இரண்டு பைகளோடும் ஒரு மின்சாரக் கொசுமட்டையோடும் வந்து இறங்கினாள். என் வீட்டில் பழைய டயர், தேங்கிய தண்ணீர், பூந்தொட்டித் தட்டு எதுவும் இல்லை என்பதைச் சுற்றிப் பார்த்துத் தலையாட்டினாள். பெருமையாக இருந்தது. தொழில் தெரிந்தவள் வீட்டில் எப்படி இருக்கும்?

எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், வாய் இல்லாத வீடு கிடையாது. கிளினிக்கில் பிள்ளைத்தாய்ச்சிகள் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து லோரோங் சந்துப் பெண் ஒருத்தி இவளிடம், "நீங்க அந்தக் கொசு வளர்க்கிற அக்காவோட தங்கச்சிதான?" என்று கேட்டிருக்கிறாள்.

நான் வேலை முடிந்து வரும்போது தங்கை கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். மட்டை மடியில் இருந்தது.

"என்னாக்கா வேல பாக்குற நீ?"

சொன்னேன். வேறு வழியில்லை. எல்லாவற்றையும் ஒழுங்காக விளக்கினேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் நான் தமிழில் விளக்கினேன், அங்கேதான் வம்பு. லேப்பில் மலாயிலும் ஆங்கிலத்திலும் கேட்டுப் பழகியதைத் தமிழில் சொல்லப் போனால் பாக்டீரியாவுக்கு என் வாயில் வந்தது ஒரே வார்த்தைதான்.

"கொசு வயித்துக்குள்ள ஒரு கிருமிய விடுறோம்டி."

"அலமாக்! கொசு பத்தாதுன்னு கிருமி வேறயா?"

"இது நல்ல கிருமி."

"கிருமியில என்னக்கா நல்ல கிருமி? நல்ல திருடன் மாரியா?"

"தயிர்ல இருக்கிறது என்ன? அதுவும் கிருமிதான?"

தயிரை இழுத்திருக்கக் கூடாது. அன்றிலிருந்து அவள் தயிர் தொடுவதையும் நிறுத்தினாள். கடைசியாக அவள் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. "கொசுவுக்குச் சோறு போடுற கையால எனக்கும் சோறு போடுறியாக்கா?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. நான் கோட்டு மாற்றாமல், கையை முழங்கை வரை கழுவாமல், இரண்டு கதவுகளுக்கு நடுவில் நின்று தலை முதல் கால் வரை பார்த்துக்கொள்ளாமல் ஒரு நாளும் வெளியே வந்ததில்லை, ஒரு கொசுவைக்கூட வீட்டுக்குக் கூட்டி வந்ததில்லை, உன் மாப்பிள்ளை ஆலையிலிருந்து வரும்போது இப்படித்தான் பார்த்துவிட்டு வருகிறாரா என்று கத்தினேன். மாப்பிள்ளையை இழுத்ததும் அவள் எழுந்து போய் அவருக்குப் போன் போட்டாள். அவருக்கு வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமைதான் லீவு. அன்றைக்குக் காரோடு வந்து கூட்டிப்போகச் சொல்லிவிட்டாள். பிரசவம் காஹாங்கிலேயே பார்த்துக்கொள்வார்களாம்.

அவளுக்குக் காய்ச்சல் வந்ததே அங்கேதான். இந்த முறை வந்தால் ஒன்றுக்கு இரண்டு உயிர். என்னைவிட்டு ஓடிப்போகிறேன் என்று அவள் போகப்போவது அந்தக் கொசுவிடம்தான் என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த நாட்களில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பேசவில்லை என்றால் சமையல் நின்றுவிட்டதாக அர்த்தமில்லை. அவள் ஆக்கி மூடி வைப்பாள், நான் போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவி வைப்பேன். ரசம் நன்றாக இருந்தால் சத்தமாக உறிஞ்சுவேன். அவள் டிவியின் சத்தத்தைக் கூட்டுவாள்.

இந்தச் சமயத்தில்தான் சட்டிகள் வந்தன. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஆள் உள்ளே நடமாடும் அளவுக்கு இரண்டு பெரிய வலைக்கூண்டுகள் உண்டு. வலைவீடு என்று நான் பெயர் வைத்திருந்தேன். உள்ளே நாற்காலி, வாளி, பூந்தொட்டி, கொடியில் துணி எல்லாம் வைத்து வீடு மாதிரியே செய்திருந்தோம். சீனித் தண்ணீரைப் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் சீக்கிரம் சூடாகிவிடுகிறது, பாக்டீரியாவும் செத்துவிடுகிறது. மண்சட்டியில் வைத்தால் குளிர்ச்சியாக இருக்குமே என்று டாக்டர் யோசித்தார். சின்னச் சட்டிகள் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். பொங்கல் கொண்டாடுகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது? பெர்மாஸ் ஜெயாவில் எனக்குத் தெரிந்த ஒரு பூஜைச் சாமான் கடையில் போய் அள்ளிக்கொண்டு வந்தேன்.

பாதிச் சட்டிகளை மறுநாளே லேப்புக்கு எடுத்துப் போனேன். மிச்சம் அங்கே வைக்க இடமில்லாமல் வீட்டுப் பின்கட்டில் சில நாள் கிடந்தது. லேப்பில் எல்லாவற்றையும் அழுத்தக் கொப்பரையில் வேகவைத்துச் சுத்தப்படுத்துவது வழக்கம். முதலில் போட்ட இரண்டு சட்டி பட்பட்டென்று விரிசல் விட்டுவிட்டது. அதனால் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கழுவினால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிறகு மிச்சச் சட்டிகளையும் கொண்டுபோய் அதே மாதிரி கழுவி, முதல் சட்டிகளை ஒரு வலைவீட்டிலும் அடுத்தவற்றை மற்ற வலைவீட்டிலும் தொங்கவிட்டோம். எல்லாவற்றிலும் ஒரே சீனித் தண்ணீர், ஒரே பாக்டீரியா.

எங்கள் பாக்டீரியாவுக்கு ஒரு அடையாளம் உண்டு. கொசுவின் குடலை எடுத்துத் தனி விளக்கின் கீழே மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பாக ஒளிரும். முதல் வலைவீட்டுக் கொசுக்களின் குடல் தீபாவளி மாதிரி இருந்தது. அடுத்த வலைவீட்டில் கதையே வேறு. கொசுக்கள் அந்தச் சட்டிகளை விட்டு நகரவே இல்லை, வயிறு முட்டக் குடித்தன. குடலைப் பார்த்தால் இருட்டு. அங்கொன்றும் இங்கொன்றுமாகக்கூடச் சிவப்பு இல்லை.

டாக்டர் கலவையை மாற்றிப் பார்த்தார், விளக்கை மாற்றிப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"கக், இந்தச் சட்டியில ஏதாவது வித்தியாசமா செஞ்சீங்களா?"

"சத்தியமா இல்ல டாக்டர். ஒரே கடை, ஒரே சட்டி, ஒரே கழுவல்."

நான் சொன்னது உண்மை என்று நம்பித்தான் சொன்னேன். அவரும் நம்பினார். சட்டியிலிருந்து வழித்தெடுத்துத் தட்டில் வளர்த்துப் பார்த்ததில் எங்கள் பாக்டீரியா காணாமல் போயிருந்தது. அதன் இடத்தில் முன்பின் தெரியாத வேறு எதுவோ கொழகொழவென்று வளர்ந்து கிடந்தது. கொதிதண்ணீருக்கும் அசராத ரகம் என்றார் டாக்டர். அடுத்த சுற்றுச் சோதனைக்கு அனுமதி கேட்க வேண்டிய நேரம் அது. அவர் முகம் செத்துப்போயிருந்தது.

வீட்டுக்கு வந்து சோற்றைப் போட்டுக்கொண்டு, தங்கையிடம் பேசக் கூடாது என்பதால் சுவரிடம் பேசினேன். "எங்கிருந்துதான் வந்துச்சோ அந்தக் கிருமி. ரெண்டும் ஒரே சட்டி. பின்கட்டில கெடந்த சட்டிய மட்டும் எது புடிச்சுச்சோ."

அடுப்படியிலிருந்து பதில் வந்தது. பல நாள் கழித்து அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"பழக்குன சட்டிதானக்கா அது. அதுல என்னா வரும்?"

தட்டோடு எழுந்து அடுப்படி வாசலுக்குப் போனேன். "என்னாடி சொன்ன?"

"புதுச் சட்டிய அப்படியேவா கொண்டு போவாங்க? மண்ணு வாட அடிக்கும், தண்ணிய இழுக்கும். நான்தான் பழக்கிக் குடுத்தேன்."

மண்சட்டி வாங்கினால் பழக்காமல் எந்தத் தமிழச்சியும் அடுப்பில் ஏற்ற மாட்டாள். அரிசி கழுவிய தண்ணீரையும் வடித்த கஞ்சியையும் ஊற்றி நாள்கணக்கில் ஊறவைத்து, மண்ணின் பசியை அடக்கி, வெயிலில் காயவைத்து எடுப்பது. என் கண்ணெதிரேதான் எல்லாம் நடந்திருக்கிறது. பின்கட்டில் புளித்த வாடை அடித்தபோது, பேசாமல் இருப்பவளிடம் போய் என்ன வாடை என்று கேட்பது கௌரவக் குறைச்சல் என்று நான் கேட்கவில்லை. கஞ்சித் தண்ணீரில் புளித்துப் பெருகிய கிருமிகள் சட்டியின் துளைகளுக்குள் குடும்பத்தோடு குடியேறிவிட்டன. கொதிதண்ணீர் அவற்றுக்கு வெந்நீர்க் குளியல். எங்கள் டாக்டர் பார்த்துப் பார்த்து மரபணு மாற்றிய பாக்டீரியா உள்ளே போனதும், ஊர்க்காரர்கள் சேர்ந்து வெளியூர்க்காரனை விரட்டிவிட்டார்கள். கொசுவுக்கோ அந்தப் புளித்த வாடை பிரியாணி வாடை.

எனக்குச் சிரிப்பு வந்தது, அதை முந்திக்கொண்டு கோபம் வந்தது. "யாருடி உன்னக் கேட்டா? என்கிட்ட ஒரு வார்த்த சொல்ல வேணாமா?"

"நீதான் பேசமாட்டேன்னுட்டியே."

"நானா? நீதான்டி!"

"சட்டி தண்ணிய இழுத்து ஒழுகுச்சுன்னா உன்னத்தான ஏசுவாங்க. அந்த வேல எனக்குப் பிடிக்காதுதான். அதுக்காக உன்ன நாலு பேரு ஏசணுமா?" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே விளங்கியது போல முகம் மாறியது. "இப்ப உன்ன வேலைய விட்டுத் தூக்கிடுவாங்களாக்கா?"

தூக்க மாட்டார்கள் என்றேன். அவள் நம்பவில்லை. நாளைக்கு நானே வந்து அந்த டாக்டரம்மாவிடம் சொல்கிறேன், தப்பு என்னுடையது என்று பிடிவாதமாக நின்றாள். அங்கே கொசு இருக்கும்டி என்றேன். தெரியும் என்றாள்.

எனக்கு வேறு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை வருகிற சனிக்கிழமை நெருங்கிவிட்டது. அவளை நிறுத்தி வைக்க என்னிடம் மிச்சமிருந்த வழி ஒன்றுதான். காலையில் அவள் குளிக்கப் போன நேரத்தில் டாக்டருக்குப் போன் செய்தேன். சட்டி விஷயத்தைச் சொன்னேன். கூடவே வேலையை விடுகிறேன் என்றும் சொல்லிவிட்டேன். நேரில் வாருங்கள் கக் என்று வைத்துவிட்டார். வேலை போனதும் தங்கையிடம் சொல்வது, அவளுக்குப் போவதற்குக் காரணமே இருக்காது என்பது என் கணக்கு.

அவள் புறப்பட்டு வந்த கோலத்தைப் பார்க்க வேண்டும். முழுக்கைச் சட்டை, அதன் மேல் என் மழைக்கோட்டு, காலுறை, கழுத்தைச் சுற்றி சால்வை, வயிறு மட்டும் எதற்கும் அடங்காமல் முன்னால். உடம்பு முழுக்கக் கொசு எண்ணெய். காருக்குள் கண்ணெரிந்து ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் ஓட்டினேன். லேப் வாசலில் இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்து முதல் நாள் பிடித்த பிடி.

டாக்டர் எங்களை வெளி அறையிலேயே உட்காரவைத்தார். தங்கையை 'அடிக்' என்றார், அவர்கள் பாஷையில் தங்கச்சி. அங்கிருந்து கண்ணாடி வழியாக வலைவீடு தெரியும். தங்கை நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் கண்ணாடிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். பேசியதெல்லாம் மலாயில், நான் தமிழில் எழுதுகிறேன்.

அவள் சட்டியைப் பழக்கியதை ஆதியோடு அந்தமாகச் சொன்னாள். எந்த அரிசி, எவ்வளவு கஞ்சி, எப்போது தண்ணீர் மாற்றினாள், எங்கே காயவைத்தாள், எல்லாம். டாக்டர் குறுக்கே குறுக்கே கேட்டார். அந்த வாடைக்குத்தான் கொசு வருகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் ஒரு சுற்றுச் சோதனை வீணானது வீணானதுதான் என்பதையும் மறைக்கவில்லை. இனிமேல் சட்டிகள் நேராக லேப்புக்குத்தான் வரும், யார் வீட்டுப் பின்கட்டிலும் நிற்காது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் தரையைப் பார்த்தேன்.

தங்கை சட்டென்று கேட்டாள். "டாக்டர், இது எப்ப காஹாங்குக்கு வரும்?"

"எது?"

"இந்த நல்ல கிருமி."

டாக்டர் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தார். "தெரியல" என்றார். "இது இன்னும் இந்தக் கண்ணாடிக்கு வெளியவே போகல. நல்லா நடந்தாலும் பல வருஷம் ஆகும். நடக்காமலும் போகலாம். உங்க பிள்ளை வளர்றதுக்குள்ள வந்துடும்னு நான் சொன்னா அது பொய்."

தங்கை தலையாட்டினாள். பிறகு, "தப்பு என்னோடது டாக்டர். அக்காவ வேலைய விட்டு எடுத்துடாதீங்க" என்றாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். அவருக்குக் கொசுவின் கண் ஜாடை தெரியும், மனுஷக் கண் ஜாடை தெரியாது.

"நான் எடுக்கல அடிக். காலையில உங்க அக்காதான் போன் பண்ணி வேலைய விடுறேன்னாங்க. தங்கச்சிக்காகச் சேர்ந்தேன், தங்கச்சிக்காகவே விடுறேன்னு சொன்னாங்க."

"எனக்காகச் சேர்ந்தாளா?"

"உங்களச் சாகடிக்கப் பார்த்த கொசுவ நேர்ல பார்க்கணும்னுதான் இங்க வந்தாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

தங்கை என் பக்கம் திரும்பவில்லை. நாற்காலியை இழுத்துக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள். வலைவீட்டுக்குள் கொசுக்கள் தொங்குகிற சட்டிகளைச் சுற்றிக்கொண்டிருந்தன. அவள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு இருந்தாள். நான் என்ன செய்வது என்று தெரியாமல் அவள் மழைக்கோட்டின் கழுத்தைச் சரிசெய்தேன்.

காரில் திரும்பினோம். தம்போய் சமிக்ஞை விளக்கு வரை பொறுத்துக்கொண்டிருந்தவள் சிவப்பு விழுந்ததும் ஆரம்பித்தாள்.

"இடுப்பு வலின்னுதானக்கா பேக்டரிய விட்ட?"

"இடுப்பும் வலிச்சுச்சு."

"பொய் சொல்லாத. எனக்காகப் போன வேலைய எனக்காகவே விட்டுட்டு வந்து நின்னீனா, நான் எந்த மொகத்த வச்சிக்கிட்டு உன் வீட்டுச் சோத்தத் திங்கிறது? போன எடு. அந்த டாக்டரம்மாகிட்ட திங்கக்கெழம வரேன்னு சொல்லு."

"நீ காஹாங்குக்குப் போயிட்டீனா, நான் யாருக்குடி கொசு வளர்க்கிறது?"

கேலியாகச் சொல்லத்தான் ஆரம்பித்தேன். முடியும்போது என் குரல் சரியாக இல்லை. பச்சை விழுந்தது, பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான், நான் காரை நகர்த்தி ஒரு பட்டறை வாசலில் ஓரமாக நிறுத்தினேன். தங்கை சால்வையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளைக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, சனிக்கெழம கூட்டிட்டுப் போக வராதீங்க. சும்மா பாத்துட்டுப் போக வாங்க. புள்ள இங்கதான் பொறக்கும்."

அவர் என்னவோ கேட்டார்.

"பயமாத்தாங்க இருக்கு. இல்லன்னு யாரு சொன்னா? அங்க இருந்தாலும் பயம்தான். இங்கன்னா அக்கா இருக்கா."

மறுபடி அவர் என்னவோ கேட்டார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லைங்க. அக்கா அழுவுறா. வைங்க, அப்புறம் பேசுறேன்."